ஓய்வில் வலித்த முதுகு

மருத்துவர் சொல்லும் கதைகள் சொல்லச் சொல்ல வளரும் இயல்புடையவை. படிப்பவருள் ஒருவர் அதே வலியோடு இருக்கக்கூடும். என் மிகையை அவர் அறிவுரையாக எடுத்துக்கொண்டுவிடலாம். ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் சோதனை உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன். நோயாளியின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஒரகடத்தில் மாலை வேளையில் மூட்டுவாத நோய்களுக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன். ஒரு நாள் தனசேகர் என்னும் இளைஞர் தம் சூப்பர்வைசருடன் வந்தார். மணிமங்கலத்துக்காரர், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகம் முடிவெடுக்கவிருந்தது. அவருடைய முதுகுவலி மெய்யா, நடிப்பா என்று நான் சொல்ல வேண்டும். நடிப்பென்றால் வேலை போய்விடும்.

சூப்பர்வைசர் நின்றவாறே தொடங்கினார். "லைன்ல ஓடியாடி வேல செய்யும்போது வலி இல்லியாம் டாக்டர். லீவு போட்டு வூட்ல படுத்தா வலிக்குதாம். வலின்றவன் ஷிப்ட் முடிஞ்சும் ஓ.டி.க்கு மொத ஆளா வந்து நிப்பானா, நீங்களே சொல்லுங்க."

"நடிக்கத் தெரிஞ்சா வடபழனி ஸ்டுடியோ பக்கம் போயிருப்பேண்ணே. இங்க இன்னாத்துக்கு நட்டு முடுக்கிகினுகீறேன்?" என்றார் தனசேகர்.

"பாத்தீங்களா, வாய்க்கு மட்டும் வலியே கெடையாது."

சூப்பர்வைசர் கொடியவர் அல்லர். தொழிற்சாலை மருத்துவ அறையில் இலகுவான வேலை தரச் சொன்னபோது, ஸ்டோர்ஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யும் வேலையை வாங்கித் தந்தவர் அவரே. அங்கே தனசேகரின் வலி மிகுந்தது. எக்ஸ்ரேயிலோ குறை எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் சூப்பர்வைசர் நம்பிக்கை இழந்திருந்தார்.

இளைஞரிடம் கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுபோல் காலையில் விறைப்பு உண்டா என்று கேட்கவில்லை. ஷிப்ட் மாறும் ஊரில் அக்கேள்வி பயன்படாது. "தூங்கி எழுந்ததும் முதுகு எப்படி இருக்கு?"

"மரக்கட்ட மாரி கீது டாக்டர். நைட்டு சி ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்ல தூங்கறேன். சாயங்காலம் பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் நடந்தாதான் கொஞ்சம் வளையுது. அதான் ஓ.டி. கேக்கறேன். நின்னுகினே இருந்தா தேவலாம்."

குனியச் சொன்னேன். கை முழங்காலைத் தாண்டவில்லை. முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளை அழுத்தியபோது பல்லைக் கடித்தார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி அனுப்பினேன். அம்மூட்டுகள் இரண்டிலும் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. ஸ்பாண்டிலோ ஆர்த்ரைடிஸ் என்பது எங்கள் வழக்கிலுள்ள பெயர். உழைப்பால் தேய்ந்த முதுகு ஓய்வில் தேறும். அழற்சியுற்ற முதுகு பெரும்பாலும் ஓய்வில் இறுகி, அசைவில் இளகும். பொய்க்குச் சான்றாகக் காட்டப்பட்ட நடத்தையே நோயின் அடையாளமாக இருந்தது.

மறுமுறை வந்த இருவருக்கும் படத்தைக் காட்டி விளக்கினேன். சூப்பர்வைசர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் ஒக்கார வெச்சதுதான் வெனையா டாக்டர்?" என்றார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. இந்த நோய்க்கு அது ஒத்துக்காது."

"அந்தச் சேர நீங்களே வெச்சிக்கங்கண்ணே," என்றார் தனசேகர். சூப்பர்வைசர் அவர் தோளில் மெல்லத் தட்டினார்.

வேலைக்குத் தகுதியுடையவர், நின்றும் நடந்தும் செய்யும் பணியே ஏற்றது, தொடர்ந்து உட்கார வைத்தல் ஆகாது என்று சான்றிதழ் எழுதினேன். அழற்சியைத் தணிக்கும் மாத்திரையும் நாள்தோறும் செய்ய வேண்டிய உடற்பயிற்சியும் கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்துத் தனியாக வந்தார். வாசலில் குனிந்து சேஃப்டி ஷூவின் கயிற்றைத் தாமே அவிழ்த்தார்.

"பெர்மனென்ட் ஆயிட்டேன் டாக்டர். சூப்பர்வைசர் அண்ணன்தான் உள்ள போய்ப் பேசுனாரு."

"தூக்கம்?"

"அத்த ஏன் கேக்கறீங்க. எழுப்பி எழுப்பி வூட்ல திட்றாங்க."

அன்று எனக்கும் மனம் இலேசாயிற்று.

இத்துறைக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோயாளி சொல்வது பொருந்தாததாகத் தோன்றினால், அவரை ஐயுறுமுன் ஓய்வு அவரை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

இந்நோய் தனசேகருக்கு ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாது. மருந்தைக் குறைத்தால் வலி மீளுமா என்பதும் தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் முதுகு எவ்வளவு வளையும் என்பதை இன்று யாராலும் சொல்ல இயலாது.