பச்சை ஏறிய செம்பருத்தி

குளத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில், கேட்டுக்கு இருபுறமும் இரண்டு செம்பருத்திச் செடிகள் நின்றன. பூவுக்காக வைத்தவை அல்ல, இலைக்காக வைத்தவை. ஒவ்வொரு இலையிலும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் யாரோ பிரஷ்ஷை உதறினாற்போலத் தெறித்திருக்கும். வீட்டுக்கார அம்மா தன் மகனோடு இருக்க மணமேல்குடிக்குப் போகும்போது, வாடகையைவிட அந்தச் செடிகளைப் பற்றித்தான் அதிகம் பேசிவிட்டுப் போனாராம்.

பஸ் கண்டக்டரான அப்பா, டியூட்டி முடிந்து வந்ததும் முதல் வேலையாக அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். சாணி உரமும் போட்டார். அந்த வருடம் வலப்பக்கச் செடி மளமளவென்று உயர்ந்தது. ஆனால் புதிதாக வந்த கிளைகளில் வெள்ளையே இல்லை. எல்லாம் கரும்பச்சை. அப்பாவுக்கு அதில் பெருமைதான். எனக்கும் அப்படித்தான், செடி குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. பச்சைக் கிளைகள் மேலே படரப் படர, அடியில் இருந்த வெள்ளை இலைகள் வெயில் கிடைக்காமல் உதிர்ந்துகொண்டிருந்தன. நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடத்திலும் பச்சையே துளிர்த்தது.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். உறவில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறாராம், அப்படியே வீட்டையும் எட்டிப் பார்ப்பாராம். அம்மாவின் முகம் மாறிவிட்டது. இதற்கு முந்தைய வீட்டில், சுவரில் ஆணி அடித்ததற்காகவே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ இந்தப் பள்ளியில்தான் முதன்முதலாக ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

பச்சையை வெட்டிவிடலாம் என்றாள் அம்மா. அடுத்தவர் செடியில் கை வைக்காதே, பட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று அப்பா தடுத்தார்.

“அவங்க விட்டுட்டுப் போனது வெள்ளைச் செடிங்க. நாம பச்சைச் செடியையா திருப்பிக் குடுக்குறது?” என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா டியூட்டிக்குப் போனதும் அம்மா அரிவாளை எடுத்தாள். ஒவ்வொரு பச்சைக் கிளையையும் விரலால் தடவிக்கொண்டே கீழே போய், அது பிரிகிற இடத்தில் ஒட்ட நறுக்கினாள். வெட்டியதை நான் அடுத்த வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். முடிந்தபோது, அவ்வளவு பெரிய செடியில் நாலைந்து மெலிந்த கிளைகளே மிச்சம். சாயங்காலம் வந்த அப்பா கேட்டருகே நின்று செடியைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

இரண்டு வாரம் கழித்துக் கல்யாணத்துக்கு வந்த வீட்டுக்கார அம்மா, பட்டுப்புடவையோடு நேராகச் செடியிடம்தான் போனார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். அதற்குச் சற்றுக் கீழே, நகக்கண் அளவில் வெள்ளையாக ஒரு துளிர்.

“பச்சைய வெட்டிட்டீகளா? நல்லதாப் போச்சு. மொதல்ல இன்னொரு செடி வச்சிருந்தேன். வெட்ட மனசு வராம விட்டேன், முழுசும் பச்சையாப் போச்சு” என்றார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்தார். “நீங்க பாட்டுக்கு இங்கிட்டே இருங்க. வேற யாருக்கும் விட மாட்டேன்.”

அப்பா அவரை பஸ் ஏற்றிவிடப் போனார். அம்மா முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து இரண்டு சாக்கு மூட்டைகளை இறக்கினாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிரிக்காத மூட்டைகள். உள்ளே அவளுடைய கல்யாணப் பாத்திரங்கள். ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி அலமாரியில் அடுக்கினாள், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி.

யாரோ விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று நினைத்து, நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.