நோர்வேக்காரரின் ஏழாவது நாய்

சென்ற செவ்வாய்க்கிழமை என் தம்பி தன் பேரனின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைத்தான். அழைத்தான் என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. போனிலுள்ள குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. நீல நிறம், நடுவில் ஒரு கரடிப் பொம்மை, கீழே கோயிலின் முகவரியும் நேரமும். அந்தக் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர்களுக்கு வந்த அதே கரடிதான் கூடப்பிறந்த அண்ணனுக்கும் வந்தது.

தம்பி இருப்பது இதே நகரத்தில், ரூஜில். நான் டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில். இடையில் இரண்டு பஸ், அவ்வளவுதான். அவனிடம் கார் வேறு இருக்கிறது. இதை நான் நான்காவது முறையாகச் சொன்னபோது மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே, "உங்களுக்கு மட்டும் வெத்திலை வைச்சுச் சொல்ல வேணுமாக்கும்," என்றாள். எனக்கு வெற்றிலை வேண்டாம். வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாமற்போனதால் எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்கள் பதினொரு மாதம் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் மறுபடி பேசத் தொடங்கியது தென்முனையில். நான் பக்கத்திலேதான் கிடந்தேன், செத்த நாயாக.

இதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் கடலை ஒட்டிய எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு பெருநாளுக்கும் நாட்டுக்கூத்துப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வேதசாட்சியின் கதையாக இருக்கும். அரசன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான், கொடுமை செய்வான், வேதசாட்சி நீளமாகப் பாடிவிட்டுச் சாவார், சனம் அழும். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் பகலில் எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்தவர். அந்த வருடம் அவருக்கு வேதசாட்சிகள் அலுத்துவிட்டார்கள் போலும். தென்முனையை முதலில் அடைவதற்கு ஒரு நோர்வேக்காரரும் ஓர் ஆங்கிலேயரும் போட்டியிட்ட கதையைக் கூத்தாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

வகுப்பில் அந்தக் கதை எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. நோர்வேக்காரர் நாய்களைப் பூட்டிய வண்டிகளோடு போனார். முதலில் சேர்ந்தார், கொடியை நட்டார், உயிரோடு திரும்பினார். ஆங்கிலேயர் ஒரு மாதத்துக்கு மேல் பிந்திப் போய் அந்தக் கொடியைக் கண்டார். திரும்பும் வழியில் பனியில் இறந்தார். முதலில் வந்தவர் வென்றவர். எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலும் அப்படித்தான்.

கூத்தில் அது தலைகீழானது. கூத்தில் சாகிறவர்தான் பெரியவர். ஆகவே ஆங்கிலேயர் வேதசாட்சியின் இடத்துக்குப் போனார். உயிரோடு மிஞ்சிய பாவத்துக்காக நோர்வேக்காரருக்கு அரசனின் வரவுப் பாட்டும், அரசனின் மீசையும், போன வருடத்து அரசன் போட்ட சிவப்பு உடுப்பும் கிடைத்தன. ஆனால் அரசன் என்றால் ஒரு கொடுமையாவது செய்திருக்க வேண்டுமே. அண்ணாவியார் தேடி இரண்டைக் கண்டுபிடித்தார். நோர்வேக்காரர் தன் நாய்களைக் கொன்று தின்றார் என்பது ஒன்று. மற்றது தந்தி. வடமுனைக்குப் போகிறேன் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டு அந்த மனிதர் தெற்கே திரும்பினாராம். போட்டிக்காரருக்கு அதை ஒரு தந்தியில்தான் தெரிவித்தாராம். எங்கள் ஊரில் நாய் தின்றதைக்கூட மன்னித்திருப்பார்கள். தந்தியை ஒருவரும் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆங்கிலேயராக மாமா நடித்தார், அம்மாவின் ஒரே அண்ணன். நோர்வேக்காரராக அப்பா. பங்கில் நல்ல குரல் அவர்கள் இருவருக்கும்தான். அவர்கள்தான் பேசாமல் இருந்தவர்களும்.

காரணம் என் முதல் நன்மை, கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள். அதற்கு அப்பா ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் நேரில் சொன்னார். மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வேலி தள்ளி. சொந்த மனிசர்தானே என்று அங்கே என்னை அனுப்பினார். நான் நாள், நேரம், பிறகு சாப்பாடு, எல்லாவற்றையும் ஒரு சொல் தவறாமல் ஒப்புவித்தேன். மாமா கேட்டுவிட்டு, "கொப்பருக்குக் கால் ஏலாதோ?" என்றார். இல்லை, சுகமாக இருக்கிறார், காலையில்கூட சைக்கிளில் போனார் என்று சொன்னேன். மாமா வரவில்லை. அது எனக்கு விளங்கவேயில்லை. நாள் சரி, நேரம் சரி, மாமாவின் விசாரிப்புக்கும் உண்மையான பதிலையே சொல்லியிருக்கிறேன்.

கூத்துப் பழகிய காலத்தில் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். அந்தப் பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்தும் ஞானத்தகப்பன் தன் அண்ணன்தான் என்று அம்மா முடிவு செய்திருந்தார். அப்பாவிடம் கேட்டால், வந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன் என்பார். மாமாவிடம் கேட்டால், கூப்பிட்டால் வராமல் இருப்பேனா என்பார். இரண்டையும் கேட்ட எனக்குச் சண்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் மூன்று வேலியை யாரும் கடக்கவில்லை. அம்மா கோப்பையில் சோற்றைப் போட்டு அளைந்துவிட்டுக் கோழிக்கு வீசினார். பிள்ளை வளர வேண்டாமோ என்று மருத்துவிச்சி ஒருநாள் வந்து அப்பாவை ஏசிவிட்டுப் போனார். அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழக்கத்தின்போது இருவரும் பாட்டில் மட்டும் பேசிக்கொண்டார்கள். தந்தி வந்ததும் ஆங்கிலேயர் பாட வேண்டிய இரண்டு வரி இன்னும் நினைவிருக்கிறது.

தந்தி ஒன்று தட்டிவிட்டால் தகுமோ மன்னவனே
தானே வந்து சொன்னால் உந்தன் தாழ்வாகிப் போகுமோ

ஆங்கிலேயர் இதைச் சபையைப் பார்த்துப் பாட வேண்டும். மாமா அப்பாவைப் பார்த்துப் பாடினார். ஒருமுறை பாடச் சொன்னால் மூன்றுமுறை பாடினார். பிற்பாட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. எனக்கோ ஒரே குழப்பம். அப்பா தபால் கந்தோர்ப் பக்கம் போனதையே நான் காணவில்லை. தந்தி கொண்டுவரும் பையனாக அண்ணாவியார் முதலில் என்னைத்தான் நிறுத்தினார். மாமா கையை நீட்டித் தடுத்தார். "உவன் வேண்டாம். உவனுக்கு முதலே பழக்கம்." மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் நாய்களோடு சேர்க்கப்பட்டேன்.

நாய்கள் எட்டுப் பையன்கள். மூன்று நாய் உயிரோடு திரும்பும், ஐந்து நாய் வழியில் சாகும். எந்த நாயைக் கொல்வது என்பது நோர்வேக்காரரின் விருப்பம். வண்டி இழுக்கும் வரிசையில் நான் ஏழாவது. அப்படியிருந்தும் அப்பா என்னைத்தான் முதலில் கொன்றார். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டினார் என்று ஊர் சொல்லக்கூடாதாம்.

முந்தின பெருநாள் இரவுக் கூத்தில் அடிபிடி நடந்ததால் பங்குச் சுவாமியார் இந்த முறை இரவுக்கு அனுமதி தரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, பள்ளிக்கூட மண்டபத்தில் நடத்தச் சொன்னார். தகரக் கூரை வெயிலில் காய்ந்து கொதித்தது. பனிக்காக உப்பளத்திலிருந்து நான்கு மூட்டை உப்பைக் கொண்டுவந்து மேடையில் பரப்பியிருந்தார்கள். முழங்கால் உரஞ்சுண்ட நாய்களுக்கு அது என்ன எரிவு எரிந்தது என்று எழுத வேண்டியதில்லை. மாமா குளிரில் சாக வேண்டியவர் என்பதால் இரண்டு கம்பளியைச் சுற்றி, தலைக்கும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

அப்பா என்னைக் கொன்றார். தின்பதுபோலக் காட்டினார். பெண்கள் பக்கத்தில் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மத்தளம் உரக்க ஒலிக்கும்போது செத்த நாய் ஊர்ந்து வெளியே போய்விட வேண்டும். நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டைகளால் வெளிச்சம் ஒழுகியது. பத்தொன்பது வரை எண்ணியபோது மத்தளம் ஓய்ந்துவிட்டது. இனி அசைய முடியாது. நோர்வேக்காரர் கொடியை நட்டுவிட்டுத் திரும்பிப் போனார், ஆங்கிலேயர் வந்தார், கொடியைக் கண்டு பாடினார், திரும்பினார், தளர்ந்தார். கடைசியில் என் தலைமாட்டிலேயே சாவதற்குப் படுத்தார்.

அந்தச் சாவுப் பாட்டுப் பன்னிரண்டு அடி. அண்ணாவியார் எழுதியது எட்டு. நாலை மாமா தானே எழுதிச் சேர்த்திருந்தார். ஐந்தாவது அடி முடிந்ததும் மாமா நிறுத்தினார். கண் மூடியிருந்தது. பிற்பாட்டுக்காரர்கள் கடைசி வரியைத் திருப்பிப் பாடினார்கள், இன்னொரு முறையும் பாடினார்கள். சபையில் விம்மல் கேட்டது. இப்படி ஒரு நடிப்பைத் தான் பழக்கவில்லையே என்பதுபோல அண்ணாவியார் பெருமையோடு தலையாட்டினார். நான் ஒரு கண்ணைப் பாதி திறந்தேன். மாமாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. இன்னும் ஏழு அடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நாய், அதிலும் செத்த நாய்.

அதை எண்ணிக்கொண்டிருந்த இன்னொருவர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். தன் சாவுக்கு நாலு அடி கூட்டிப் போட்டுக்கொண்ட மனிதர் ஐந்தாவது அடியோடு செத்துப்போக மாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். நோர்வேக்காரர் மேடைக்கு வந்தார்.

கதைப்படி அவர் அப்போது கப்பலில் இருக்க வேண்டும். மீசை ஒருபக்கம் கழன்று தொங்கியது. "நீ ஏன்ரா வாறாய், நாய்தின்னி," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். ஒரு வெள்ளரிப்பிஞ்சு வந்து அப்பாவின் முதுகில் பட்டது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளி இரண்டையும் இழுத்து எறிந்து, தொப்பியைக் கழற்றி, அண்ணாவியாரின் காலடியில் இருந்த செம்புத் தண்ணீரை மாமாவின் தலையில் ஊற்றினார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாமா கண்ணைத் திறந்தார். திறந்ததும் மிக மெதுவாக, பக்கத்தில் கிடந்த நாய்க்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீர் வெண்டிட்டுப் போன ஆள் எல்லோ. என்னத்துக்குத் திரும்பி வந்தனீர்?"

இதைக் கேட்டது ஆங்கிலேயரா மாமாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சொல்ல வந்தனான்," என்றார் அப்பா. "பிள்ளை பிறந்தவுடனை ஞானஸ்நானம். நீர்தான் ஏந்த வேணும். நானே வந்து சொல்லுறன், மச்சான்."

மாமா கூரையைப் பார்த்தார். அவரும் ஓட்டைகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"இவ்வளவு தூரம் வந்திட்டீர்," என்றார். "சரி. வாறன்." பிறகு, "மிச்சத்தைப் பாடட்டோ?"

"பாடும்."

மாமா அப்பாவின் நெஞ்சில் சாய்ந்தபடி மிச்சம் ஏழு அடியையும் பாடினார். ஆங்கிலேயர் நோர்வேக்காரரின் கையில் உயிரை விட்டார். வெள்ளரிப்பிஞ்சு எறிந்தவரே அழுதார் என்று பிறகு சொன்னார்கள். அண்ணாவியார் மட்டும் தன் பூமிசாத்திரம் முழுவதும் நாசம் என்று ஒரு கிழமை புலம்பினார்.

தவணைப் பரீட்சையில் அவர் இதையே கேட்டார். தென்முனையை அடைந்தபின் நோர்வேக்காரர் என்ன செய்தார்? அவர் திரும்பி வந்து ஆங்கிலேயருக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று எழுதினேன். பத்துக்குச் சுழியம். நான் பக்கத்திலேயே கிடந்தேன் சேர் என்று சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தபிறகு நூலகத்தில் அந்தக் கதையைத் தேடி வாசித்தேன். தண்ணீர் கொடுக்கவில்லைதான். ஆனால் பல வருடங்களுக்குப் பின், தன்னோடு பெரிதாகப் பகைத்துக்கொண்ட வேறொரு மனிதர் வடக்கே பனியில் விழுந்துபோனார் என்று கேட்டதும், நோர்வேக்காரர் விமானத்தில் ஏறித் தேடிப் போயிருக்கிறார். அந்த மனிதரை வேறு ஆட்கள் மீட்டார்கள். தேடிப் போனவர் திரும்பவில்லை. அண்ணாவியார் எனக்குப் பாதிப் புள்ளியாவது தந்திருக்கலாம். கேட்க அவர் இல்லை.

கூத்து முடிந்து வீட்டுக்கு நடந்தபோது அப்பாவும் மாமாவும் முன்னால் போனார்கள், யாருடைய குரல் உடைந்தது என்று வாதாடிக்கொண்டு. அம்மா வயிற்றில் கைவைத்தபடி பின்னால் வந்தார். அப்பா ஏன் கூத்தைக் கெடுத்தவர் என்று கேட்டேன். அம்மாவின் முகம் சிரிப்பதுபோலவும் இருந்தது, அழுவதுபோலவும் இருந்தது. அன்றைக்கு அம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு முழங்கால் எரிவுதான் பெரிதாக இருந்தது.

ஜன்னலால் பார்க்கிறேன். கீழே நடைபாதையில் பனிமேல் உப்புக் கொட்டியிருக்கிறார்கள். வருவதென்றால் குழுவில் ஒரு பெருவிரலைப் போட்டுவிடுங்கோவன் என்கிறாள் மனைவி. போடமாட்டேன். நாளைக்கு இரண்டு பஸ் எடுத்து ரூஜுக்குப் போய், தம்பியின் வாசலில் நின்று, வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தனீங்களோ என்று அவன் சிரிப்பான். அவன் பிறக்குமுன்னரே அவனுக்காக ஒருவர் தென்முனைவரை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தது அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் கிடந்த நாய்க்கே அன்றைக்கு விளங்கவில்லை.