லண்டன்காரனும் ஜேர்மன்காரனும் தங்கச்சியின் மூச்சும்

வக்கியூம் கிளீனரின் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு சனிக்கிழமை காலை. தங்கச்சியின் அறை யன்னல் கிழக்குப் பார்த்தது. வெயில் சரிவாக உள்ளே விழுந்திருந்தது. அம்மா மெசினைத் தள்ளிக்கொண்டு போக, நிலம் பளிச்சென்று ஆகிக்கொண்டு வந்தது. தற்செயலாக மெசினுக்குப் பின்னால் பார்த்தேன். பையின் தையலிலிருந்து சிவப்புப் புகை மாதிரி ஒன்று எழும்பி, வெயிலுக்குள் சுழன்று, மெதுவாகக் கட்டில் பக்கம் போனது. கட்டிலில் குப்புறப் படுத்தபடி தங்கச்சி இலங்கைப் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பத்து வயது. முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் ஊர் உரும்பிராயின் செம்மண் எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிடும், அவளுடைய நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். தும்புத்தடியால் கூட்டினால் தூசி கிளம்பும் என்றுதான் லண்டனிலிருந்த பெரியம்மா அந்த மெசினை அனுப்பிவைத்தார். நிமிர்ந்து நிற்கும், பிடியோடு சேர்த்துப் பை தொங்கும். வீட்டில் அதற்கு ‘லண்டன்காரன்’ என்று பெயர்.

அதன் கடதாசிப் பையை நிரம்பியதும் எறிந்துவிட வேண்டும். மூன்று பைதான் கூட வந்தது, இங்கே எந்தக் கடையிலும் அது இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றை எறிய எங்கள் வீட்டில் யாருக்கும் கை வராது. அம்மா பையின் அடியை வெட்டி மண்ணை மாமரத்தடியில் கொட்டிவிட்டு, ஸ்டேப்ளர் அடித்துத் திரும்ப மாட்டினார். மூன்றாவதும் கிழிந்தபோது பழைய படுக்கை விரிப்பில் ஒரு பை தைத்தார். அம்மாவின் தையலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துணி மண்ணைத்தான் மறிக்கும், மாப் போன்ற தூசியை மறிக்காது. ஒரு வருடமாக அவளுடைய அறையைத் துப்புரவாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நிலத்தில் கிடந்ததை அரைத்து அவளுடைய மூக்கின் உயரத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறோம்.

உயர்தரச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். கையும் மூளையும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் இணையத்தில் தேடி, தண்ணீரால் வடிக்கும் வக்கியூம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதில் பை இல்லை. உறிஞ்சிய காற்றைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுக்கும். நனைந்த தூசி பறக்காது. முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுகிற அதே கணக்குத்தான். ஜேர்மனியிலிருந்த மாமாவை விடாமல் அரித்தேன். இரண்டு மாதம் கழித்து, கப்பலில் வந்த பெட்டிக்குள், உடுப்புகளுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில், ‘ஜேர்மன்காரன்’ வந்து சேர்ந்தான்.

“தண்ணியை ஒவ்வொருமுறையும் ஊத்திப்போட்டுக் கழுவிக் காயவிடோணும், பிள்ளை” என்று மாமா தொலைபேசியில் சொன்னார். ஓம், ஓம் என்றேன். உண்மையில் அப்போது நான் பிளக் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவனை முதலில் ஓட்டியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். லண்டன்காரனைப் போல் இவனை ஒரு கையால் தள்ள முடியாது. கயிறு கட்டிய கன்றுக்குட்டி போல இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். தண்ணீர் நிரப்பினால் இன்னும் பாரம். ஆனால் பத்து நிமிடத்தில் தொட்டித் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பாகூட எழும்பி வந்து பார்த்தார்.

“இவ்வளவையுமே நாங்கள் விழுங்கிக்கொண்டு இருந்தனாங்கள்?”

“நீங்கள் இல்லையப்பா, நான்” என்றாள் தங்கச்சி.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாழையடிக்குப் புறப்பட்டேன். அம்மா சாமியறை வாசலில் நின்றார். கையில் நெருப்புப்பெட்டி.

“விளக்கு வைச்சாச்சு, பிள்ளை. உந்த ஊத்தைத் தண்ணியை இப்ப வெளியில ஊத்தாதை. விடிய ஊத்தலாம்.”

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து குப்பை வெளியே போகாது. வெள்ளிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். நான் தொட்டியைத் திரும்பப் பூட்டி, தங்கச்சியின் அறை மூலையில் மெசினை விட்டேன். சனிக்கிழமை கம்பியூட்டர் வகுப்பு. ஞாயிறு கலியாணவீடு. அந்தத் தண்ணீர் மூடிக்குள் வெக்கையில் மூன்று நாள் கிடந்தது. நான் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை தங்கச்சி பள்ளிக்கூடத்தால் வந்ததும், “அக்கா, ஜேர்மன்காரனை ஓட விடன், பாப்பம்” என்றாள். விட்டேன். அவள் மெசினுக்குப் பின்னால் போய்க் குந்தி, காற்று வெளியே வரும் துளைக்கு நேரே முகத்தை வைத்தாள்.

“இஞ்சை குளிர்காத்து வருது, அக்கா.”

நனைந்த சாக்கு நாற்றம் எனக்கு ஒரு கணம் பிந்தித்தான் வந்தது. அதற்குள் அவள் இருமினாள். மெசினை நிறுத்தினேன். இருமல் நிற்கவில்லை. கழுத்தடிக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. மூச்சுமருந்துப் பம்பை அவளுடைய வாயில் வைத்து அடித்தேன், திரும்பவும் அடித்தேன். வழமையாகக் கேட்கும் விசில் குறைந்துகொண்டே போனது. அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும். விசிலடிக்கக் காற்று வேண்டும்.

ஓட்டோவில் அவளை நிமிர்த்தி என் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தேன். அம்மா அவளுடைய காலைத் தேய்த்தபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அவளுடைய முதுகு என் நெஞ்சில் ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒன்று தவறினால் என் மூச்சும் நின்றது.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மூடி போட்டு மருந்துப் புகை பிடித்தார்கள். மூன்றாவது தரம்தான் அவளுடைய தோள் தளர்ந்தது.

“எப்பிடி வந்தது?” என்று டொக்டர் கேட்டார்.

“தூசி” என்றேன்.

தங்கச்சி மூடியை நகர்த்தினாள். “மூண்டு நாள் தண்ணி, டொக்டர்.”

“தண்ணியை ஏன் மெசினுக்கை வைச்சிருந்தனீங்கள்?”

“வெள்ளிக்கிழமை, விளக்கு வைச்சாப்பிறகு...” என்று அம்மா தொடங்கினார். பூஞ்சணம் பிடித்த ஈரக் காற்று இந்த நெஞ்சுக்கு ஆகாது என்று டொக்டர் சொன்னார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “உந்த ரெண்டையும் பின்னறையிக்கை போட்டுப் பூட்டு. தும்புத்தடியே காணும், மெசின் வேண்டாம்.” தங்கச்சியைக் கோப்பாயில் சின்னம்மா வீட்டில் விட்டிருக்கிறோம். அங்கே சீமெந்து முற்றம், மண் குறைவு. அறை சரிவரும்வரை அங்கேதான். தொலைபேசியில் அவள் சொல்கிறாள்: “லண்டன்காரன் ஒரு வருசமா ஆறுதலாக் கொல்லுறான், ஜேர்மன்காரன் ஒரு நிமிசத்திலை கெதியா. எவன் நல்லவன் எண்டு நீ கண்டுபிடி, அக்கா. எனக்கு இஞ்சை அலுப்படிக்குது.” நான் சிரிப்பதில்லை. அவள் கதைக்கும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

யோசித்துப் பார்த்தால், இரண்டு மெசினையும் நாங்கள் ஒருநாளும் முறையாக ஓட்டவில்லை. பையை எறியச் சொன்னார்கள், தைத்தோம். தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள், வைத்திருந்தோம். அப்படியிருக்க எது திறம் என்று நான் யாருக்குச் சொல்வது?

போன கிழமை லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் பெரியம்மா ஒரு கட்டுக் கடதாசிப் பை கொடுத்துவிட்டார். அப்பாவை அம்மாதான் சமாளித்தார். அம்மா போட்டது ஒரேயொரு நிபந்தனை: “காலமை தொடங்கு. மத்தியானத்துக்கு முன்னம் ஊத்திக் கழுவி முடி.” விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொட்டியில் ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது.

நாளை காலை அறையை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன். யன்னல் பக்கம் லண்டன்காரனுக்கு, புதுப் பையோடு. கதவுப் பக்கம் ஜேர்மன்காரனுக்கு, அப்போதுதான் அள்ளிய கிணற்றுத் தண்ணீரோடு. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நனைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒவ்வொரு துண்டு கட்டுவேன். பத்துப் பத்து நிமிடம். எந்தத் துண்டு சிவக்கவில்லையோ அந்த மெசினால் முழு அறையையும் இன்னொரு முறை எடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அவளுடைய கட்டிலில் அரைமணி நேரம் நான் படுத்திருந்து பார்ப்பேன்.

என்னுடைய நெஞ்சு அவளுடைய நெஞ்சல்ல. அந்தக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேட்டித் துண்டால் தீராது. அதனால் முதல் நாள் அவளைப் பகலில் மட்டும் கூட்டிவருவதாக அம்மாவோடு பேசி வைத்திருக்கிறேன். பம்ப் என் கையில் இருக்கும், ஓட்டோ வாசல் படலையடியில் நிற்கும்.