சிவப்பு பல்பும் சத்தம் கூடிய பாட்டும்

என் மனைவி ஹாஜறாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ரகசியக் குரலில்தான் பேசினாள். ஆஸ்பத்திரியில் பகல் பன்னிரண்டு மணிப் பார்வையாளர் நேரம். வார்டு முழுக்கச் சாப்பாட்டுப் பாத்திரச் சத்தம். பின் கதவுக்குக் கொளுக்கி போட்டீர்களா என்று அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே யார் இருக்கிறார்கள், கொஞ்சம் சத்தமாகத்தான் கதையேன் என்றேன். "பழகிப் போச்சு" என்றாள். அஸர் தொழுதுவிட்டு நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த இரண்டு சொற்களையும் நான்கு வருடம் சுமந்தேன். ஏனென்றால், வீட்டுக்குள் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவனின் தொழில், வெளியாரின் சத்தத்தைப் பெருப்பித்து வீட்டாரின் சத்தத்தை அடக்குவது. கல்முனையில் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கூடம். யாரும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை. பழைய ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டிப் பழகி, பிறகு பள்ளிவாசல் பயான் பிரசங்கங்களைப் பதிந்து கொடுத்து, கடைசியில் கணினிக்கு வந்து சேர்ந்தவன் நான். குசினி வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு பூட்டி, அதன் சுவிட்சை என் மேசையில் வைத்திருந்தேன். அது பத்தினால் குழாய் திறக்கக்கூடாது, கிரைண்டர் போடக்கூடாது, தேங்காய் துருவக்கூடாது, கதைக்கக்கூடாது. இப்படி இருபத்திரண்டு வருடம். ஹாஜறா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பல்பு எரிந்து போனால் நான் சொல்ல முன்னமே பஸாருக்குப் போய்ப் புதிது வாங்கி வந்துவிடுவாள்.

தையல் மெசினோ டியூஷன் வகுப்போ, வீட்டிலேயே தொழில் செய்கிற உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு மனுசியை இருபத்திரண்டு வருடம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தேனா என்பதுதான் என் கேள்வி. அதற்கான பதில் ஒரு ரொக் பாட்டுக்குள்ளிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தோணாக்காரர் வந்த நாள்

கடலுக்கு வடியும் எங்கள் பக்கத்து ஓடைக்குத் தோணா என்று பேர். அதன் மணத்தை அறிந்தவர்கள் அந்தப் பேரைப் பாட்டுக் குழுவுக்கு வைக்க மாட்டார்கள். இவர்கள் வைத்தார்கள். பாடுபவன் இல்ஹாம், சாய்ந்தமருதுப் பிள்ளை. ட்ரம் அடிப்பவன் காரைதீவுத் தர்ஷன். முதல் பாட்டை என்னிடம்தான் பதிந்தார்கள். இப்போது இவர்களுக்குக் கட்டாரிலும் லண்டனிலும் ரசிகர்கள். புதிய பாட்டையும் என்னிடமே பதிந்து, மாஸ்டரிங்கும் செய்து தரச் சொன்னார்கள். பாட்டு வெளியே போகுமுன் செய்கிற கடைசி வேலை அது.

பாட்டின் தொடக்கத்தில் பதினைந்து செக்கன் தனிக் கிட்டார். ஆறு வருடத்துக்கு முன் இதே அறையில் அவர்கள் பரீட்சார்த்தமாகப் பதிந்தது. வாசித்த பிள்ளை இப்போது கட்டாரில் வேலை. அவன் விரல் யாருக்கும் வரவில்லை என்று அதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். மெல்லிய, மூச்சுப் போன்ற வாசிப்பு. ஆனால் இல்ஹாமுக்குச் சத்தம் வேண்டும். பஸ்ஸில் வேறு பாட்டுக்குப் பிறகு இவர்களுடைய பாட்டு வந்தால் அது தாழ்ந்து கேட்கக்கூடாதாம்.

மரக்காலில் நெல் அளக்கும்போது மேலே குவிந்ததைக் கையால் வழித்துத் தட்டையாக்குவோமே, சத்தம் கூட்டுவதும் அப்படித்தான். உயர்ந்து நிற்பதை வழித்துவிட்டு, தாழ்ந்து கிடப்பதையெல்லாம் விளிம்பு வரைக்கும் தூக்கிவிடுவது. பிறகு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாட்டு மூச்சுத் திணறும் என்று சொல்லிப் பார்த்தேன். இல்ஹாம் மரியாதையான பிள்ளை. என் பேச்சை முடியும் வரை கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க கூட்டுங்க சேர். குறைக்கிறதுக்கு ஆக்கள்ற கையில பட்டன் கிடக்கு."

அமைதிக்குக் காத்திருப்பது

எங்கள் ஊரில் ஒலிப்பதிவு செய்கிறவன் தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். பாங்கு சொன்னால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவோம். அது மரியாதை, மைக்கும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்பது தொழில். ஒரு பள்ளிவாசல் முடிக்க அடுத்த பள்ளி தொடங்கும். காற்று கடல் பக்கமிருந்து வீசினால் ஒரு கணக்கு, வயல் பக்கமிருந்து வீசினால் வேறு கணக்கு.

இந்தப் பாட்டுக்கு ட்ரம் பதிந்த நாளில் அஸர் பாங்கு வந்தது. எல்லாரும் சும்மா இருந்தோம். கடைசிச் சத்தமும் அடங்கிவிட்டது என்று நினைத்து நான் தலையை ஆட்டி, சுவிட்சில் கை வைத்தேன். கோயில் ஊரான காரைதீவில் பிறந்து வளர்ந்த தர்ஷன் மட்டும் குச்சியை மடியிலிருந்து எடுக்கவில்லை. "பொறுங்க சேர்" என்றான், "இன்னும் ரெண்டு பள்ளி மிச்சம்."

வெள்ளிக்கிழமை வெளியான பாட்டு

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பாட்டு வெளியானது. பின்னேரம் இல்ஹாம் போனைக் கொண்டு வந்து, கீழே ரசிகர்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். முதல் பத்துப் பேர் நெருப்புப் படம் போட்டிருந்தார்கள். பதினோராவது ஆள் நிந்தவூர்க்காரர். பிழை என் ஸ்பீக்கரிலா உங்கள் பாட்டிலா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பெரிய சண்டை. இப்போது உலகம் முழுக்க இப்படித்தான் என்று ஒரு கட்சி. பழைய பாட்டுத்தான் பாட்டு என்று மறு கட்சி. டோஹாவிலிருந்து ஒருவர் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டதாக எழுதியிருந்தார்.

நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் சந்தோசம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மாஸ்டரிங் என்ற இடத்தில் என் பேர் இருந்தது. மறுநாள் காலையில், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒரு ஓட்டோக்காரர் என் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, பின் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார். "முந்தி இவனுகள்ற பாட்டுல ட்ரம் நெஞ்சில அடிக்கும் காக்கா. இப்ப முழுப் பாட்டும் காதுல அடிக்குது."

பதின்மூன்றாவது செக்கன்

மூன்றாம் நாள் மருதமுனையிலிருந்து ஒரு பெண் எழுதினாள். தறி வேலை செய்யுமிடத்தில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறவளாம். பதின்மூன்றாவது செக்கனில், கிட்டாருக்கு அடியில், யாரோ ஒரு பொம்பிளை கதைக்கிறாள் என்றாள். அதோடு சத்தச் சண்டை நின்று, எல்லாரும் அந்தப் பொம்பிளையைத் தேடத் தொடங்கினார்கள். ஜின் என்றார் ஒருவர். பாடகரின் உம்மா என்றார் இன்னொருவர். இது ஆழமான கலை, உங்களுக்கு விளங்காது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இல்ஹாமுக்கு முகம் செத்துப் போயிருந்தது. ஊரே சிரிக்கிறது சேர், பாட்டை எடுத்துவிட்டுக் கொழும்பில் கொடுத்துச் செய்வோமா என்று கேட்டான். முப்பது வருடத்தில் எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

ஸ்பீக்கரில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறுபத்தாறு வயதுக் காது. ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். நாலாம் தடவை குரலைப் பிடித்தேன். கூடத்துக் கதவின் கீழே ஒரு விரல் இடைவெளி உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அதன் வழியாக வந்து, கிட்டாருக்கு அடியில் கிடந்த குரல். நான் சத்தம் கூட்டியபோது அதுவும் சேர்ந்து எழும்பிவிட்டது. குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

ஹெட்போனை இல்ஹாமிடம் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டான். நாலைந்து பொம்பிளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பதும் கேட்கிறது என்றான். பிறகு கண்ணைத் திறந்து, யார் வீட்டுக் கதையோ என்பது போலச் சொன்னான்: "'கதைங்க கா, சிவப்பு பத்துது. இனி அவருக்கு ஒண்டும் கேக்காது' எண்டு செல்றா சேர்."

பக்கத்து வீட்டுச் சாட்சி

அடுத்த நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெமீலாவைக் கூப்பிட்டேன். ஹாஜறாவின் சிநேகிதி. அவள் மௌத்தாகிப் போன பிறகு இன்று வரைக்கும் வியாழக்கிழமைகளில் எனக்குக் கறி அனுப்புகிறவள். சிவப்பு பல்பு பத்தும் நேரம் எங்கள் குசினியில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

அவள் வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் குசினி வாசல் தெரியும். பல்பு பத்தினால் நான் ஹெட்போனோடு உள்ளே பூட்டிக் கிடக்கிறேன், ஒரு மணித்தியாலத்துக்கு வெளியே வரமாட்டேன் என்று அர்த்தம். பின் கதவுக் கொளுக்கியை ஹாஜறா எடுத்து விடுவாள். நாலு வீட்டிலிருந்தும் பொம்பிளைகள் மரக்கறியும் கத்தியுமாக வந்து குந்திவிடுவார்கள். தண்ணி முதலே பிடித்து வைத்திருக்கும். ஒரு முறை இரண்டு நாள் வேலை இல்லாமல் பல்பு பத்தாதபோது, உங்கட மனுசனுக்கு ஒரு பாட்டுக்காரனையாவது பிடித்துக் கொடுங்க என்று இவர்கள் அவளை நச்சரித்தார்களாம். பல்பு எரிந்து போனால் அவள் ஏன் பஸாருக்கு ஓடினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நெஞ்சுக்குள் நாலு வருடம் கிடந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைச் சொன்னேன். என் சிவப்பு பல்புக்குப் பயந்து பயந்தே ரகசியம் கதைத்துப் பழகிப்போனாளோ என்று கேட்டேன். ஜெமீலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பயத்துக்கு ஆரு காக்கா மெதுவாக் கதைச்ச? நாங்க கதைச்சதெல்லாம் உங்களப் பத்தி."

சத்தம் குறைந்த பாட்டு

கொழும்புக் கதையை இல்ஹாம் திரும்பச் சொல்லவில்லை. ரசிகர்களும் விடவில்லை, சத்தம் குறைந்த ஒன்றைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் புதிதாகச் செய்தேன். குவியலை வழிக்கவில்லை. ட்ரம் எழும்ப இடம் விட்டேன், கிட்டாரை அதன் மூச்சோடு விட்டேன். அப்படிச் செய்தால் ஹாஜறாவின் குரல் தானாகவே கீழே போய்விடும் என்று எனக்குத் தெரியும். போனது. மிச்சமாகத் தட்டுப்பட்ட சிரிப்பையும் நானே துடைத்தேன்.

வேண்டுமென்றால் அந்தப் பொம்பிளையை அப்படியே வைப்போம், ஆக்களுக்கு இப்போது பிடித்திருக்கிறது என்று இல்ஹாம் சொல்லிப் பார்த்தான். அது என் மனைவி என்று அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். யாருக்கும் கேட்காது என்று நம்பிக் கதைத்தவளை ஊருக்குப் போட்டுக் காட்டுவது சரியில்லை என்றேன். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பதிப்பு வெளியானது. நிந்தவூர்க்காரர் தன் ஸ்பீக்கரில் பிழை இல்லை என்று சந்தோசப்பட்டிருந்தார். ஓட்டோக்காரர் வாசலைத் தாண்டும்போது ஹோர்ன் அடித்து, நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். மருதமுனைப் பெண் மட்டும், முன்பின் தெரியாத ஹாஜறாவைச் சித்தி முறையாக்கி, இப்படி எழுதியிருந்தாள்: "பாட்டு இப்ப நல்லம். ஆனா அந்தச் சாச்சி எங்க போனா?"

இருபத்திரண்டு வருடம் ஒரு வீட்டையே அடக்கி வைத்திருந்ததாக நினைத்துக் கவலைப்பட்ட எனக்கு இப்போது மிச்சமாக இருப்பது, கணினியில் யாருக்கும் கொடுக்காத அந்தச் சத்தம் கூடிய பதினைந்து செக்கனும், குசினி அலுமாரியில் அவள் முன்கூட்டியே வாங்கி வைத்த, இன்னும் பெட்டி உடைக்காத மூன்று சிவப்பு பல்புகளும்.