நெடுந்தீவு வேலியும் என் கதையின் கடைசிப் பக்கமும்

நெடுந்தீவைப் பார்க்காமலே நெடுந்தீவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். மூன்று மாத வேலை, பதினொரு தடவை திருத்தம். போட்டிக்காகத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கதையில் வரும் கல்வேலியின் உயரத்தை மட்டும் சரிபார்க்கலாம் என்று போன சனிக்கிழமை அம்மாவுடன் புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.40க்கு பஸ். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, புங்குடுதீவு தாண்டி 8.20க்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே பெரும்பாலானோர் நயினாதீவுப் படகுக்கு ஓடுவார்கள். கூட்டத்தோடு நீங்களும் ஏறிவிடாதீர்கள். எங்கள் படகு 9 மணிக்கு, கடலில் ஒரு மணி நேரம். டீசல் மணத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். அழுகை வந்தது. நல்ல கதை என்றுதான் நினைத்தேன்.

தீவைச் சுற்ற ஓட்டோவுக்கு 3500 ரூபாய். ஓட்டுகிற அண்ணைக்கு வழியில் கதையைச் சொன்னேன். வறட்சி. கடலில் எடுத்த முருகைக்கல்லால், அதாவது பவளக்கல்லால் ஆன வேலிக்குள் அகப்பட்ட, தீவில் திரியும் காட்டுக் குதிரைக்குட்டி தாகத்தில் சாகிறது. வெளியே வாளித் தண்ணீருடன் நிற்கும் சிறுமி, வேலியை அடித்து அடித்துக் கை கிழிந்து கதறுகிறாள்.

அண்ணை ஓட்டோவை நிறுத்தினார்.

“ஏன், அந்தப் பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுதே?”

இறங்கிப் போய் ஒரு வேலியிலிருந்து ஐந்து கற்களைத் தூக்கிக் கீழே வைத்தார். இடைவெளியால் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். கற்களை மறுபடி அடுக்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“சும்மா அடுக்கின கல்லு பிள்ளை. சாந்து பூசேல்லை.”

“சீமெந்து மதில் எண்டு மாத்தினால்?” என்று கேட்டேன்.

“அதுக்கேன் நெடுந்தீவு? எங்கட வீட்டு மதிலையே எழுதலாமே,” என்றார் அம்மா.

அதற்குள் அந்த வேலிக்குச் சொந்தமான வளவுக்காரி அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்துவிட்டார். “ஆர் என்ரை வேலியிலை கை வைச்சது?”

“திருப்பி வைச்சிட்டன் அக்கா.”

“வைச்ச வடிவைப் பார். நாளைக்கு மாடு சாய்ச்சுப்போடும்.” அவரே கற்களை எடுத்துச் சரியாக அடுக்கினார்.

நான் கொப்பியைத் திறந்தேன். “இஞ்சை குதிரை செத்திருக்கா அக்கா?”

“ஓம். போன வறட்சிக்கு உதிலை ஒண்டு கிடந்தது.”

“அப்ப என்ன நினைச்சீங்கள்?”

“என்னத்தை நினைக்கிறது? மணக்க முதல் இழுக்கவேணும்.”

குட்டியின் சாவுக்கு நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதில் எங்கும் செத்த உடலின் மணமில்லை.

2.30 படகில் திரும்பினோம். ஞாயிறு முழுவதும் மேசையில் இருந்தேன். ‘மணக்க முதல் இழுக்கவேணும்’ என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரிக்குக் கயிறு வேண்டும். செத்த குதிரைக்குக் கயிற்றை எங்கே கட்டுவார்கள்? கழுத்திலா, காலிலா? மறுமுனையை யார் பிடிப்பார்கள்? எதையாவது எழுதலாம்தான். வேலியையும் அப்படித்தானே எழுதினேன். திங்கட்கிழமை ரீச்சர் கேட்டபோது என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இன்றுவரை அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

நீங்கள் போனால் தொப்பியும் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள், நிழல் குறைவு. திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவைக் கண்டால், கயிற்றை எங்கே கட்டினார் என்றும் கேளுங்கள்.