கறிக்குழம்பு அவருக்கு, மீன்குழம்பு எனக்கு

விமானம் ஓட்டுகிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. என் அண்ணன் மகள் விமானி ஆன பிறகும் தெரியாது. "மேல எல்லாம் முந்திரியும் திராட்சையுமாதான் இருக்கும்" என்பது அண்ணனின் கட்சி. அவளோ, மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஆறிப்போன இட்லியை விழுங்குவதாகச் சொல்வாள். நாங்கள் நம்பியதில்லை.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையும் விமானிதான், கோயம்புத்தூர்க்காரர். அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் கடைசியாகச் சம்மதித்தவர் அண்ணி. "ரெண்டும் வானத்துலயே சுத்திக்கினு இருந்தா ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் எப்போ பாக்கறது? சண்டைதான் வரும்" என்று சொல்லிக்கொண்டே சம்மதித்தார். தாலி ஏறிய பிறகும் அந்தப் பயம் இறங்கவில்லை.

செவிலிமேட்டில் என் வீட்டில் புது ஜோடிக்கு விருந்து. கூரத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். கறிக்குழம்பு, மீன்குழம்பு, மொச்சைக்கொட்டை போட்ட கத்திரிக்காய், சேமியா பாயசம் என்று கை ஓயாமல் சமைத்தேன்.

இலை போட்டதும் முதலில் பாயசம் வைத்தேன். மாப்பிள்ளை ருசித்துக் குடித்தார். அவள் தொடவில்லை. "அவர் சாப்ட்டாரு இல்ல, எனக்கு வேணாம் அத்த." சரி, இனிப்பு பிடிக்கவில்லை போலும் என்று கறிக்குழம்போடு வந்தேன். மாப்பிள்ளை இலையில் ஊற்றியதைப் பார்த்துவிட்டு, "எனக்கு மீன்குழம்பு" என்றாள். கறி என்றால் சட்டியையே வழித்துத் தின்கிற பெண்! மீன் வந்ததும் மாப்பிள்ளை இலையைக் கையால் மறித்தார். "எனக்கு வேண்டாங்க, அது அவளுக்கு." மொச்சையை மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக ஒதுக்கினார்கள்.

உள்ளே வந்தால் அண்ணி அடுப்பங்கரையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியாமா? அவர் தொட்டத இவ தொட மாட்டேங்கறா. இவளுதுன்னா அவர் வாணாங்கறார். வர வழியிலயே சண்டை போட்டுக்கினு வந்திருக்குதுங்க. நான்தான் கெட்டியா வேணாம்னு சொல்லியிருக்கணும்."

எனக்கு மனதில் வைத்துக்கொண்டு புழுங்கத் தெரியாது. நேரே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னா கண்ணு, ரெண்டு பேரும் கட்சி பிரிஞ்சிட்டீங்களா? உங்கம்மா உள்ள அழுதுகினு இருக்குது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. மாப்பிள்ளைதான் எழுந்து, எச்சில் கையோடு அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார்.

"சண்டை இல்லீங்க அத்தை. நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும் ஒரே விமானத்தை ஓட்டறோம். முதல் தடவைங்க. ஓட்டறவங்க ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடறதில்லைங்க. ஏதாவது ஒண்ணு வயித்துக்கு ஒத்துக்கலைன்னா ரெண்டு பேரும் படுத்துக்குவோம். அப்புறம் விமானத்தை யாருங்க இறக்கறது? வீட்டுல அப்படி விதி இல்லீங்க. ஆனா நாளைக்கு ஒண்ணா போறோமேன்னுதான்."

"அப்போ மொச்சை?" என்றேன். என் கவலை எனக்கு.

"மேல போனா சிப்ஸ் பாக்கெட் உப்பும் பாரு அத்த, வயித்துல இருக்கற காத்தும் அப்படித்தான் உப்பும். மொச்சைய போட்டுக்கினு எவன் உக்காருவான்?"

"சோறு? அதயும் ரெண்டு பானையில வடிக்கணுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"சோத்துக்கு மன்னிப்பு உண்டுப்பா."

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து வந்து மகள் பக்கத்தில் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ இவ வயிறு கெட்டா அவர் பாத்துப்பார். அவர் வயிறு கெட்டா இவ பாத்துப்பா. அதுக்குத்தான் பிரிச்சி சாப்படறீங்க?"

"ஆமாம்மா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்று மகளின் முதுகில் ஒன்று வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த நொடி அண்ணிக்கு வேறு கவலை. விருந்துக்கு வந்த பெண் இனிப்பு தொடாமல் எழுந்திருக்கலாமா? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் ஓடினார். அவர் வீட்டில் அன்று போளி சுட்டிருந்தார்கள். தட்டோடு அந்த அம்மாவே வந்து, கதையைக் கேட்டு, "எங்க வூட்டுல ஒரே கொழம்புதான், அதனாலதான் தினமும் சண்டையா?" என்றார். மகள் வாயில் அண்ணியே போளியை ஊட்டினார். மாப்பிள்ளை ஆசையோடு பார்த்ததும் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உங்களுக்கு பாயசம், மாப்ள. போளி நாளைக்கு எறங்கனப்புறம்."

எல்லாரும் கை கழுவிய பிறகுதான் கவனித்தேன், அண்ணி இன்னும் சாப்பிடவே இல்லை. இலை போட்டு உட்கார வைத்தேன்.

"எத ஊத்தட்டும் அண்ணி, கறியா, மீனா?"

"நான் இன்னா ப்ளேனா ஓட்டப்போறேன்?" என்றார் அண்ணி, சோற்றில் குழி பறித்துக்கொண்டே. "ரெண்டத்தயும் ஊத்துமா."