மிதிகட்டையில் இருந்த ஆணி

சேங்கொட்டை சுடுகிற நெடி ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இறங்காது. விளக்குச் சுடரில் காட்டி, எண்ணெய் கசியத் தொடங்கியதும் அந்தக் கொட்டையை ஊசியில் குத்தி எடுத்து, அப்பாவின் வலது உள்ளங்காலில் இருந்த ஆணியின்மேல் அம்மா அழுத்துவாள். அப்பா துண்டைக் கடித்துக்கொள்வார். நான் காதைப் பொத்திக்கொள்வேன், பொத்த வேண்டியது மூக்கைத்தான் என்று தெரிந்தும்.

யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில், வெண்ணந்தூரில் எங்கள் வீதியில் குழித்தறி இல்லாத வீடு கிடையாது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பொழுதெல்லாம் மிதிகட்டையை மிதித்து நெய்கிறவர்களுக்குக் கால் ஆணி வருவது, அடுப்படியில் நிற்கிறவர்களுக்குக் கையில் சூடு படுவது மாதிரி; யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் சுடவைத்து உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பார்கள், எருக்கம்பால் விடுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் சேங்கொட்டை. ஒன்றை மட்டும் செய்யாதே என்பார்கள்: "ஆணியத் தோண்டாத சாமி, தோண்டுனா அது காலக் கேக்கும்."

அப்படிக் காலைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தங்கவேல் மாமன். நூல் அறுக்கும் கத்தியால் தானே தோண்டிக்கொண்டார். புரையோடிப்போய், சேலத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலால் தறி மிதிக்க முடியுமா? வீதியிலேயே நேர்த்தியாக நெய்தவர், பெண்டுபிள்ளைகளோடு உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூலைத் "தார்" சுற்றிக்கொண்டிருந்தார். காலில்லாத பக்கம் அவர் வேட்டி சப்பையாகக் கிடக்கும். அப்பாவின் வேட்டியும் ஒருநாள் அப்படிக் கிடந்துவிடுமோ என்ற பயத்தில், அவர் தூங்கும்போது இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

ஒரு வருஷம் ஐப்பசி அடைமழையில் அப்பாவின் ஆணி பழுத்தது. பாதம் வீங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டி, அப்பா காய்ச்சலில் விழுந்தார். தங்கவேல் மாமன் தடியூன்றி வந்து பாதத்தை அமுக்கிப் பார்த்தார்.

"எனக்கும் இப்பிடித்தான் புள்ள ஆரம்பிச்சுது. நாளைக்கு வண்டி கட்டுங்க, சேலத்துக்குக் கொண்டுபோயிரலாம்" என்றார்.

அவர் போனதும், குழிக்குள் விழுந்து கிடந்த நாடாவை எடுக்க இறங்கிய அம்மா, மிதிகட்டையில் கால் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குனிந்து தடவினாள். என் கையையும் பிடித்து இழுத்துத் தடவச் சொன்னாள். தலைமுறையாக மிதித்துச் சுற்றியிருந்த மரமெல்லாம் தேய்ந்துபோக, தேயாத கணு ஒன்று மட்டும் புளியங்கொட்டை அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் ஆணி இருந்த அதே இடம்.

செதுக்கிவிட்டால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நெடுக்கு நூலான பாவு ஏறிக் கிடக்கிற தறியின் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீதிக் கட்டு. "பாவு கெடக்கையில மரத்தச் செதுக்குனா ஊட்டுல ஒரு உசுரு அறுந்துரும்" என்பார்கள். பாவு இறங்கியபின் செதுக்கலாமே என்றால், எங்கள் தறி காலியானால்தானே? பழைய பாவின் நுனியிலேயே புதிய பாவைப் பிணைத்துப் பிணைத்து ஓட்டுவோம். அந்தக் கணுவுக்கு நல்ல நாள் வாய்க்கவே இல்லை.

அம்மா சூடம் கொளுத்தித் தறியைக் கும்பிட்டாள். வாசல் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"வேண்டாம்மா, அப்பாவுக்கு எதாச்சும் ஆயிரும்" என்று அழுதேன்.

"செருப்புக்குத் தக்கன காலை வெட்டுவாங்களா, சாமி?" என்றாள். கத்தி மரத்தில் கரகரவென்று ஏறிய ஒவ்வொரு இழுப்புக்கும், உள்ளே அப்பாவின் மூச்சு வருகிறதா என்று நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். செதுக்கிய தூளைக்கூட விடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டாள்.

சாயங்காலம் அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. போர்த்தப் போர்த்த நிற்கவில்லை. அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அரிசிமாவும் மஞ்சளும் கிண்டிச் சூட்டோடு காலில் கட்டிக்கொண்டே இருந்தாள். விடியும்போது பழுத்த இடம் உடைந்து சீழ் கொட்டியது, காய்ச்சலும் இறங்கியது. கட்டியிருந்த வண்டியை அவிழ்த்துவிட்டார்கள்.

புண் ஆறித் தறியில் உட்கார்ந்த அன்று, முதல் மிதியிலேயே அப்பா நின்றுவிட்டார். காலை எடுத்தார், மறுபடி வைத்தார். தலை குனிந்து தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவையே பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"ஓட்டுங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அவர் ஓட்டினார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவு நெய்து முடியும்வரை, அப்பா இருமினால்கூட நானும் அம்மாவும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

இப்போது குழியை மூடிச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. மேலே கட்டில் கிடக்கிறது. ஆணிக்குக் கடையில் பிளாஸ்திரி விற்கிறார்கள். அந்த வீதிக் கட்டும் போயிற்று, அந்தப் பயமும் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். என் பயம் எப்போது போனது என்பது எனக்குத் தெரியும். முதுமையில் அப்பா இறந்து, கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து கோடித் துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் இருந்தன.